ஆட்டம் அடங்கிய பலகை

அன்று காலை காதர் நானாவின் கடை வாசலில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பட்டறை முதலாளி. ஊரே அவரை பாஸ் என்றுதான் கூப்பிடும். பலகையில் எழுத்து வரைகிற செபமாலை அண்ணர், யாழ்ப்பாணத்துக்காரர். எதிர்க்கடை ஷரீப் நானா, காதர் நானாவின் தங்கையைக் கட்டியவர். ஒரு பொலிஸ் ராலஹாமி. ஆற்றுக்குக் குளிக்கப் புறப்பட்ட, கண்டிப் பெரஹரா ஊர்வலத்து யானை ஒன்று. அதன் பாகன். பெரஹரா பார்க்க வந்த சனம், அதை எண்ணவில்லை. பிறகு நான், கையில் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலோடு.

காதர் நானா வாசலில் இல்லை. கடைக்குள் இருந்தார். கதவு திறக்கவில்லை. தலை மட்டும் வெளியே இருந்தது. கூரை ஓடு ஒன்றை விலக்கி அதை நீட்டியிருந்தார்.

பெயர்ப்பலகை வெட்ட வந்திருக்கிற தம்பிமார் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான். வெயிலிலும் மழையிலும் தொங்கப்போகிற பலகைக்கு எந்த மரம் எடுப்பது? பலாவா, தேக்கா, முதிரையா? அந்தத் தலை ஓட்டுக்கு மேலே வந்த கதையைச் சொன்னால் பதில் அதிலேயே இருக்கும். நான் எழுத்தை உளியால் வெட்டிப் பழகியவன். பேனாவால் எழுதினாலும் சுருக்கமாகத்தான் வரும்.

கலஹாப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தேன். அப்பா தேயிலைப் பெட்டிக்கு ஆணி அடிப்பவர். நானும் அடித்தேன். பிறகு கண்டிக்கு வந்து பாஸின் பட்டறையில் சேர்ந்தேன். பாஸ் சிங்களவர். தமிழ் நன்றாகப் பேசுவார். அவருடைய தமிழில் எல்லாரும் நீதான். வாடிக்கைக்காரரும் நீ, மாகாணத்தை ஆளுகிற ஏஜண்டு துரையும் நீ. யாரும் கோபித்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி அது. கடைத்தெருவில் ஒருவர் பெயர் வெட்டித் தொங்கவிட்டால் பக்கத்துக் கடைக்காரருக்குத் தூக்கம் வராது. எங்களுக்கு நல்ல வேலை. அந்த நேரம் பார்த்து ஒரு வைத்தியருக்கு வெட்டிக் கொடுத்த பலகை பிளந்தது. பாஸ் அவசரத்தில் எடுத்த பச்சை மரம். பெயரின் மேல் பாதி ஒரு பக்கம் இழுத்தது, கீழ்ப் பாதி மறுபக்கம் இழுத்தது. தன் பெயரின் முறிவுக்கே பத்துப் போடத் தெரியாத வைத்தியர் என்று ஊர் சிரித்தது. வைத்தியர் மட்டும் சிரிக்கவில்லை.

அந்தச் சிரிப்பு அடங்குமுன் ஷரீப் நானா வந்தார். மச்சான் காதர் நானாவின் துணிக்கடைக்கு நேர் எதிரே தானும் ஒரு பிடவைக் கடை போடுகிறார். எட்டடியில் ஒரே பலகை வேண்டும். ஒட்டுப் போடக் கூடாது. பெரஹராவுக்கு முன்னம் தொங்க வேண்டும். சொல்லிவிட்டு, போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்.

"பெரஹரா முடியுமட்டும் ஒரு கீறல் விழுந்தாலும் அந்தப் பலகைய ஒங்கட பட்டறை வாசல்ல கொழுவி வெப்பன். ஊர் பாக்கட்டும்."

அவர் செய்வார். பாஸ் வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

"மரம் இனி நீ எடு. பிளந்தா நீ கலஹாவுக்குப் போ. பெட்டிக்கு ஆணி அடி."

வைத்தியர் பலகைக்கு மரம் எடுத்தவர் அவர். முதலாளியோடு நியாயம் பேசுகிற நேரத்தில் மரம் தேடலாம்.

கட்டுகஸ்தோட்டையில் மரம் விற்கிற மரக்காலைகளுக்குப் போனேன். பலா நிறைய இருந்தது. எல்லாம் பச்சை. இரண்டு வருஷம் காய்ந்தது என்று காலைக்காரர் பிள்ளைமேல் சத்தியம் பண்ணினார். பலகையைத் தூக்கினேன். அடியில் புல் பசுமையாக இருந்தது. அவருடைய பிள்ளைக்காகக் கவலைப்பட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

லுணுமிதெல்ல என்று சிங்களத்தில் சொல்கிற மரம் ஒன்று உண்டு. உளிக்கு வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும். வெளியே தொங்கவிட்டால் இரண்டு மாரியில் வெண்ணெய் மாதிரியே போய்விடும். முதிரை அழகு. அழகை வீட்டுக்குள் வைக்க வேண்டும். தேக்கு துரைமாரைத் தேடிப் போகும், நம்மைத் தேடி வராது. பலாதான் சரி. ஆனால் எந்தப் பலா?

வெட்டியதும் மரம் செத்துவிடாது. மழைக்குப் புடைக்கும். வெயிலுக்குச் சுருங்கும். கோணும், முறுக்கும். அந்த ஆட்டம் அடங்க வருஷக்கணக்காகும். ஆட்டம் அடங்காத மரத்தில் பெயரை வெட்டினால் பெயரும் சேர்ந்து ஆடும்.

அடங்கிய மரம் மரக்காலையில் இராது. ஊருக்குள் இருக்கும். எங்கேயோ ஏற்கெனவே ஒரு வேலை பார்த்துக்கொண்டிருக்கும். கதவாக, உட்காருகிற வாங்காக, நெல்லுப் பெட்டியாக. அது புரிந்ததும் மற்றவர்கள் கதவைப் பார்த்துக்கொண்டு திரியத் தொடங்கினேன். தெல்தெனியவில் ஒரு வீட்டுக் கதவு நல்ல பலா. விரலால் தட்டிக் காதை வைத்தேன். திறந்துகொண்டது. யார் வேண்டும் என்று ஒரு அம்மாள் கேட்டாள். கதவு வேண்டும் என்றேன். நாயை அவிழ்த்துவிட்டாள். ஓடுகிற வழியில் அந்த ஊர் ராலஹாமி பிடித்தார். அவரிடமும் உண்மையைச் சொன்னேன். உண்மையைச் சொன்னால் யாரும் நம்பாத தொழில் இது என்று அன்று தெரிந்துகொண்டேன்.

ஒரு மாலை நல்ல மழை. கடைகள் அடைக்கிற நேரம். எங்கள் தெருவில் அப்போது கடை வாசலுக்கெல்லாம் பலகைதான் கதவு. மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம், இரண்டிலும் நீளப் பள்ளமாக ஒரு காடி. பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காடியில் செருகி ஓரத்துக்குத் தள்ள வேண்டும். இடம் மாறினால் பொருந்தாது. அதனால் ஒவ்வொன்றிலும் எண் வெட்டியிருக்கும். மழை பிடித்தால் எல்லாம் புடைக்கும். தெரு முழுக்கக் கடைக்காரர்கள் பலகையை உதைத்துக்கொண்டிருந்தார்கள், கடனைத் திருப்பித் தராதவனை உதைப்பது போல.

காதர் நானா உதைக்கவில்லை. எண்ணைச் சத்தமாகச் சொல்லிச் சொல்லி, ஒற்றை விரலால் தள்ளிக்கொண்டிருந்தார்.

அங்கேயே நின்றேன். பன்னிரண்டு பலகை. அவருடைய வாப்பா காலத்துப் பலா. எத்தனையோ மாரியும் கோடையும் பார்த்து, இனி எதற்கும் அசையமாட்டேன் என்று இருந்துவிட்ட மரம். ஏழாம் பலகை மற்றவற்றைவிட அகலம். மேல் முனையில் இரட்டைக் கணு, ஆந்தை முழிப்பது போல. உயிர்க்கணு, விழாது.

இதில்தான் ஷரீப் நானாவின் பெயர் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. காதர் நானாவுக்குத் தெரியாது.

மச்சான் எதிரே கடை போடுகிற செய்தி வந்த நாளிலிருந்து காதர் நானா அந்தப் பக்கம் முகம் கொடுப்பதில்லை. அங்கேயிருந்து தங்கை இனிப்பாகச் செய்து அனுப்புகிற வட்டிலப்பத்தை மட்டும் திருப்பி அனுப்புவதில்லை. அந்தப் பலகையைக் கேட்டால் தருவாரா? தரமாட்டார். ஆகையால் கேட்கவில்லை.

அடுத்த மாலை போய் நின்று பலகைகளைப் பார்த்தேன். திரும்பி வந்தேன். மறுநாளும் போனேன். உச்சுக்கொட்டினேன். வந்துவிட்டேன். அதற்கடுத்த நாள் என்னைக் கண்டதும் அவரே இறங்கி வந்தார்.

"என்ன பாக்கிறீங்க?"

"ஒண்ணுமில்லைங்க நானா."

"ஒண்டுமில்லாததயா வந்து வந்து பாக்கிறீங்க?"

"கறுத்துப்போச்சு."

அவர் திரும்பிப் பலகைகளைப் பார்த்தார். அதுவரை அவை கறுத்திருந்தது அவருக்குத் தெரியாது. எதிர்க்கடைக்குப் பெயர்ப்பலகை வருகிறது, எழுத்துக்குத் தங்க ரேக்கு ஒட்டப் போகிறோம் என்றும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன். பொய் ஒன்றும் இல்லை.

ஏழாம் பலகையை மட்டும் மாற்றித் தருகிறேன், கூலி வேண்டாம், பழசை எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் யோசித்தார். அக்குறணை ஊர் வியாபாரி. ஒன்றைக் கும்பிட்டுக் கொடுத்தால் பத்தைக் கேட்கிற பரம்பரை.

"ஒண்ட மட்டும் மாத்தினா கெழவன் வாயில தங்கப்பல் கட்டின மாதிரி ஈக்கும். பன்னிரண்டையும் மாத்துங்க."

"பன்னிரண்டுமா?"

"ஏலாதா?"

சந்தோஷத்தை மறைக்க முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டேன். முடியும், ஆனால் பழசு பன்னிரண்டும் எனக்கு, அதை என்ன செய்தாலும் கேட்கக் கூடாது என்றேன். அந்த விறகைத் தலையில் கட்டிக்கொண்டு ஆடினாலும் தனக்கென்ன என்றார். செபமாலை அண்ணர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இந்த மாதிரிப் பேச்சுக்குச் சாட்சி வைத்துக்கொள்ளுங்கள். சட்டென்று சிரித்துவிடாத ஆளாகப் பாருங்கள்.

பாஸ் பன்னிரண்டு புதுப் பலகை என்று கேட்டதும் எழுந்துவிட்டார். பிறகு பழசைக் கையால் தடவினார். உட்கார்ந்துவிட்டார்.

புதுசு பச்சைப் பலா. மஞ்சளாகப் பளபளவென்று இருந்தது. அதுதான் காதர் நானாவுக்குப் பிடித்தது. பச்சை மரம், மழைக்குப் புடைக்கும், பலகைக்குப் பலகை நகம் போகிற இடைவெளி விட வேண்டும் என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை.

"இடவெளி விட்டா கள்ளன் பாப்பான். பல்லி வரும். எதிர்ல இருந்து மச்சான் எட்டிப் பாப்பான். எறும்பு போக ஏலாம செஞ்சி தாங்க."

மறுபடி சொன்னேன். நான் மரம் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறேனாம். மூன்றாம் தடவை சொன்னேன். செபமாலை அண்ணரைப் பார்த்து, இந்த ஆள் என்ன பள்ளியில் பாங்கு சொல்கிற மோதினாரா என்று கேட்டார். மூன்று தடவைக்கு மேல் சொன்னால் அதன் பெயர் நச்சரிப்பு. நாலாம் தடவை மரத்திடம் சொல்லி வைத்தேன். மேல் சட்டத்தை ஆணி அடித்து இறுக்கவில்லை. உட்பக்கம், சட்டத்தின் தலைக்கு மேல் இரண்டு ஆப்பு வைத்து நிறுத்தினேன். ஆப்பைத் தட்டி எடுத்தால் சட்டத்தை விரல் உயரம் தூக்கலாம். அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எண் வெட்டவும் நேரம் இருக்கவில்லை. இப்போதைக்குச் சுண்ணாம்பால் குறி போட்டுக் கொடுத்தேன்.

ஏழாம் பலகையை இழைத்ததும் உள்ளே தேன் நிறம். உளி வைத்த இடத்தில் வெட்டி, வைக்காத இடத்தில் அசையாமல் இருந்தது. செபமாலை அண்ணர் எழுத்து வரைந்தார். நான் வெட்டினேன். இரண்டு முனையிலும் ஒவ்வொரு பூ. கணுவை என்ன செய்வது? ஒரு பூவுக்கு அதை நடுவாக வைத்துவிட்டேன். பலகை தொங்கியதும் ஷரீப் நானா தெருவில் நின்று வெகு நேரம் பார்த்தார்.

"அந்தப் பூ என்னய முழிச்சிப் பாக்குது."

"ஓம் நானா," என்றார் செபமாலை அண்ணர். "கள்ளன் வந்தாலும் அப்பிடித்தான் பாக்கும்."

அவருக்குத் திருப்தி.

பெரஹரா தொடங்கியது. பெரஹராவுக்கு மழை வராமல் இருந்ததில்லை. அந்த வருஷம் விடாத தூறல். வெள்ளைப் புடவைக்கும் ஆண்கள் உடுத்துகிற சாரத்துக்கும் கிராக்கியான நாட்கள். காதர் நானா நிறையச் சரக்கு எடுத்திருந்தார். காவலுக்கு அவரே கடைக்குள் படுத்தார். உள்ளேயிருந்து பலகைகளைச் செருகி, குறுக்கே இரும்புச் சட்டம் போட்டுவிட்டுப் படுத்தார். பின்னால் மண்மேடு, அந்தப் பக்கம் கதவில்லை.

விடிந்தது. பன்னிரண்டும் புடைத்து ஒரே பலகை மாதிரி ஆகியிருந்தன. எறும்பு போக வழியில்லை. காதர் நானா போகவும் வழியில்லை. உள்ளேயிருந்து உதைக்கிற சத்தம் தெருவெல்லாம் கேட்டது. சனம் கூடியது. எதிரே ஷரீப் நானா தன் பலகைக்குக் கீழே நின்று சனத்தை வாங்க வாங்க என்று கூப்பிட்டார். சனம் போகவில்லை. பிடவை எப்போதும் வாங்கலாம். மூடிய கடைக்குள் முதலாளியை எப்போதும் பார்க்க முடியாது.

அப்போதுதான் ஓடு விலகியது. தலை வந்தது. ஆள் அனுப்பி எங்களைக் கூப்பிட்டார்கள்.

ராலஹாமி கோடரி என்றார். புதுக் கதவில் கோடரியா என்று தலை மறுத்தது. பாகனிடம் யாரோ கேட்டார்கள். தள்ளச் சொன்னால் யானை தள்ளும், எங்கே நிறுத்துவது என்று அதற்குத் தெரியாது என்றார் பாகன். பாஸ் என் காதுக்கருகில் வந்தார்.

"கதவு கிடக்கட்டும். எதிர்ப் பலகை?"

பார்த்தேன். மழை வழிந்துகொண்டிருந்தது. ஒரு கீறல் இல்லை. அவருக்குக் காட்டினேன். மூச்சு விட்டார்.

மூச்சைக் கொஞ்சம் சீக்கிரம் விட்டுவிட்டார். நான் ஏணி வைத்து ஏறினேன். கூரை தாழ்வு. காதர் நானாவின் தலைக்கும் எனக்கும் முழ தூரம். அவர் என்னைத் திட்ட வாயைத் திறந்தார். திறந்தபடி என் தோளுக்கு மேலே பார்த்தார். அவருடைய கண்ணுக்கு நேராக எதிர்க்கடைப் பலகை இருந்தது. தெருவில் நின்று அதை அவர் ஒருநாளும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு காலையும் அந்த இரட்டைக் கணுவில் முழித்த மனிதர்.

"அது ஏன்ட ஏழு," என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் தெருவே அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஷரீப் நானா நிமிர்ந்து பார்த்தார்.

"என்னது? இவன்ட கதவா ஏன்ட தலைக்கு மேல ஈக்கி?"

இறக்கு என்றார் ஒருவர். கொண்டு வா என்றார் மற்றவர். இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். கலியாணத்துக்குப் பிறகு மச்சான்மார் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான் என்று பிறகு சொல்லிக்கொண்டார்கள். பாஸ் இரண்டு கையையும் தலையில் வைத்தார். பலகை இறங்கினால் நான் கலஹாவுக்குப் போக வேண்டும். யானைகூட என்னைத்தான் பார்த்தது.

இந்த மாதிரி இடத்தில் சத்தம் போடாதீர்கள். நல்லவனாக நடிக்கவும் வேண்டாம். யாருக்கு எது பொறுக்காது என்று மட்டும் பாருங்கள்.

"இறக்கித் தர்றேன் நானா," என்றேன். "இப்பவே தர்றேன். ஆனா அதுல உங்க மச்சான் பேரை அரை அங்குலம் ஆழத்துக்கு வெட்டியிருக்கு. ராவைக்கு அதையும் செருகித்தான் நீங்க கடை அடைக்கணும். விடியுமட்டும் உங்க வாசல்ல அவரு பேருதான் நிக்கும்."

தலை உள்ளே போனது. திரும்பி வந்தது.

"இழைச்சி எடுக்க ஏலாதா?"

"எடுத்தா பலகை கடதாசியாப் போயிரும்."

ஷரீப் நானா கீழேயிருந்து கேட்டார், தனக்கு வேறு மரத்தில் வெட்டித் தர வேண்டும் என்று. தருகிறேன் என்றேன்.

"பட்டறையில ரெண்டு மரம் இருக்கு நானா. ஒண்ணு இது." ஏணியில் நின்றபடி புடைத்த கதவைக் கொட்டாப்புளியால் தட்டினேன். பொத்தென்றது. "மத்தது இந்தக் கதவோட மிச்சப் பதினொரு பழம்பலகை. எது வேணும்?"

அவர் கதவைப் பார்த்தார். தன் பலகையைப் பார்த்தார். தங்க எழுத்தில் மழைத்துளி நின்று மின்னியது. கடைக்குள் ஆள் வந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டு போய்விட்டார். கடைக்குள் யாரும் இல்லை.

கொட்டாப்புளியை ஓடு விலகிய இடைவெளி வழியாக உள்ளே நீட்டினேன். மேல் சட்டத்தில் இரண்டு ஆப்பு இருக்கிறது, முதலில் இடது பக்கம் தட்டுங்கள் என்றேன். காதர் நானா வாங்கவில்லை.

"இத முந்தியே வெச்சீங்களா?"

"ஆமாங்க."

"அப்ப புடைக்குமெண்டு தெரியும்."

"மூண்டு தரம் சொன்னவர் நானா," என்றார் கீழேயிருந்து செபமாலை அண்ணர். "நான் நிண்டனான்."

காதர் நானா கொட்டாப்புளியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனார். இடது பக்கம் ஒரு அடி. வலது பக்கம் ஒரு அடி. சட்டம் எழும்பியது. ஒரு பலகையின் தலை காடியை விட்டு விலகிச் சாய்ந்தது. மற்றவை தளர்ந்தன. வேடிக்கை பார்க்கக் கூடிய சனம் அப்படியே கடைக்குள் இறங்கியது. காத்திருந்து திறந்த கடைக்குள் போகாமல் வீட்டுக்குப் போக யாருக்கு மனம் வரும்? அன்று எதிர்க்கடையைவிட இங்கேதான் வியாபாரம்.

பட்டறைக்குத் திரும்பியதும் பாஸ் வாசலில் நின்றார்.

"கலஹா பஸ் போச்சு," என்றார். "நீ உளியை எடு."

மிச்சப் பதினொரு பலகையில் முதலாவதை அந்த வைத்தியருக்கு வெட்டிக் கொடுத்தோம், கூலி வாங்காமல். மற்றவை ஒவ்வொன்றாக ஊரெல்லாம் தொங்கின. ஒன்றும் பிளக்கவில்லை. எந்த மரம் என்று கேட்டீர்கள் அல்லவா? மரத்தின் பெயரைக் கேட்காதீர்கள். அது இதுவரை எங்கே நின்றது, என்ன பார்த்தது என்று கேளுங்கள். மழை நாளில் போய்ப் பாருங்கள். ஊரே உதைக்கும்போது எது ஒற்றை விரலுக்கு நகர்கிறதோ அதை எடுங்கள். எப்படி எடுப்பது என்பது உங்கள் சாமர்த்தியம்.

பெரஹரா முடிந்ததும் காதர் நானா கூப்பிட்டார். பலகைகளை இழைத்து நகம் போகிற இடைவெளி விட்டேன். இந்த முறை அவர் பல்லியைப் பற்றிப் பேசவில்லை. எண் வெட்ட உளியை எடுத்தேன். ஒன்று முதல் ஆறு வரை வெட்டினேன். அடுத்த பலகையில் உளியை வைத்ததும் என் கையைப் பிடித்தார்.

"ஏழு வேணா. ஏழு அங்க ஈக்கி."

சொன்னபடி வெட்டிக் கொடுத்தேன். அதன் பிறகு ஒவ்வொரு மாலையும் சத்தமாக எண்ணித்தான் அடைத்தார். ஆறு வந்ததும் நிறுத்துவார். தெருப்பக்கம் திரும்பி நிற்பார். எதிர்க்கடைக்குள்ளிருந்து குரல் வரும்.

"ஏழு பத்திரம், மச்சான்."

பிறகுதான் எட்டைச் செருகுவார்.

அந்தக் கடை இப்போதும் இருக்கிறது. போனால் எண்ணிப் பாருங்கள். பலகை பன்னிரண்டு. கடைசிப் பலகையில் என் உளி வெட்டிய எண் பதின்மூன்று.